கடற்கரை வீட்டுப் பிளானைத் தருமபுரியில் கட்டுவதற்கு முன்

சரிவான செவ்வோட்டுக் கூரை, மரத்தூண் தாங்கும் தாழ்வாரம், நடுவில் மழை கொட்டும் முற்றம், வாசலில் திண்ணை. பாரம்பரிய வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் கைப்பேசியில் சேர்த்துவைத்திருக்கும் படங்கள் பெரும்பாலும் இவைதான். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த வீடுகள் கோழிக்கோட்டிலோ ஆலப்புழையிலோ புதுச்சேரியிலோ நாகப்பட்டினத்திலோ நிற்கின்றன. பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் அதே பிளானை அப்படியே எழுப்பினால் படத்தில் இருந்த அழகு வரும், அந்த வீட்டில் இருந்த சுகம் வராது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதன்முறையாக வீடு கட்டப்போகிறவர்கள் பிளானை எந்த வரிசையில் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில், படத்தில் இருப்பது எந்த ஊர் வீடு?

கடலோர வீடு புழுக்கத்தோடு போராடுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் உடம்பில் வியர்வை காய்வதில்லை. காற்று மேலே பட்டால்தான் நிம்மதி. பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலையில் பெரிய வேறுபாடு இல்லாததால், சுவரைத் தடிமனாகக் கட்டினாலும் அது இரவில் குளிர்ந்துகொள்ள வாய்ப்புக் குறைவு. எனவே அங்கே எதிரெதிரே ஜன்னல்கள், திறந்த தாழ்வாரங்கள், இடுக்கு வழியே வெப்பம் வெளியேறும் ஓட்டுக்கூரை. கேரளத்தில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. அதனால்தான் கூரை அவ்வளவு செங்குத்தாகச் சரிந்து, இறவாரம் சுவரை விட்டு வெகுதூரம் நீண்டிருக்கிறது. சோழமண்டலக் கரையிலோ புயல். 2011இல் ‘தானே’ கடலூரையும் 2018இல் ‘கஜா’ வேதாரண்யத்தையும் புரட்டிப்போட்டதைப் பார்த்தவர்களுக்கு, அங்கே பழைய வீடுகளின் கூரை ஏன் தாழ்ந்து நான்கு பக்கமும் சரிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே மரத்துக்கு அங்கே கூடுதல் மரியாதை.

நம் மாவட்டங்களின் நிலைமை வேறு. ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதுவும் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவங்களிலும் பிரிந்து பெய்கிறது. ஏப்ரல் மாதத்தில் பகல் 37, 38 டிகிரி வரை கொதித்தாலும் காற்று வறண்டிருப்பதால் இரவில் வெப்பம் நன்றாக இறங்கிவிடும். இந்த இரவுக் குளிர்ச்சிதான் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் குளிர்சாதனம். அதைப் பிடித்துவைக்கத் தெரிந்த வீடே இங்கே நல்ல வீடு. பகலில் ஜன்னல்களைச் சாத்தி அனல்காற்றைத் தடுக்க வேண்டும். இரவில் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். நாள் முழுதும் திறந்தே கிடக்கும்படி வரைந்த கடலோர வீட்டை இங்கே கொண்டுவந்தால், ஏப்ரல் பிற்பகலில் கூடத்துக்குள் அனல் வீசும், கூடவே புழுதியும் வரும்.

இரண்டு மாவட்டங்களுக்கும் ஒரே பிளான் என்றும் இருந்துவிட முடியாது. தருமபுரி நகரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு உயரத்தில் இருக்கிறது ஓசூர். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை மாதங்களில் திறந்த முற்றத்தை ஒட்டிப் படுக்கிறவர்கள் போர்வைக்குள் நடுங்குவார்கள். அரூரில் அதே முற்றம் வரப்பிரசாதம்.

காரைக்குடி, கானாடுகாத்தான் வீடுகளைக் கடலோர வீடுகளோடு சேர்த்துவிட வேண்டாம். அது வறண்ட சீமை. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, உள்ளே அடுத்தடுத்து முற்றங்கள் என்று அங்கே செய்திருப்பது நம் வெயிலுக்கும் பொருந்தும். வெளியூர் பிளான்தான் வேண்டும் என்கிறவர்களிடம், மலையாளக் கரையைவிடச் செட்டிநாட்டைப் பாருங்கள் என்றே சொல்வேன். அதற்கும் முன்னால், உள்ளூரிலேயே எஞ்சியிருக்கும் தொட்டிக்கட்டு வீடுகளை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வீடுகளை, போய்ப் பாருங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக் குடும்பங்கள் ‘தொட்டி மனெ’ என்று சொல்வதும் இதே வகைதான். பிற்பகல் மூன்று மணிக்கு அப்படியொரு வீட்டின் தாழ்வாரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால், ஆயிரம் படங்களில் கிடைக்காதது தெரிந்துவிடும்.

மனையை அளந்த பிறகே பிளான்

பிளானைப் பிடித்துப்போய் அதற்கேற்ப மனை தேடுகிறவர்கள் அரிது. மனை ஏற்கெனவே இருக்கும். எனவே நீளம், அகலம், சாலை எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம் சரிகிறது, அடுத்த மனையில் மாடி எழும்ப வாய்ப்பு உண்டா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முப்பதுக்கு நாற்பது மனை என்றால் 1,200 சதுர அடி, அதாவது இரண்டே முக்கால் சென்ட். நான்கு பக்கமும் விட வேண்டிய இடத்தை விட்ட பிறகு, அதற்குள் பத்துக்குப் பத்து முற்றம் வைத்தால் அறைகள் எல்லாம் சுருங்கி, முற்றத்தைச் சுற்றி நடைபாதை மட்டும் மிஞ்சும். மூன்று சென்ட்டுக்குக் கீழே நடு முற்றம் வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி ஐந்தடி அகலத்தில் வானம் பார்த்த சிறு முற்றம் வைத்துக்கொள்ளலாம். வெளிச்சமும் காற்றும் அதிலேயே வரும்.

இன்னொன்று, இந்த ஊர்களுக்கே உரியது: பாறை. வானம் (கடைக்காலுக்கான பள்ளம்) தோண்டும்போது மூன்றடியில் பாறை தட்டினால் கடைக்காலுக்கு மகிழ்ச்சி, கழிவுநீர்த் தொட்டிக்குத் துன்பம். குடியிருப்புகளுக்கு நடுவே வெடி வைக்க முடியாது. இயந்திரத்தால் உடைக்க வேண்டும், செலவு ஏறும். ஆகவே பிளானை முடிவு செய்வதற்கு முன்பே இரண்டு, மூன்று இடங்களில் சோதனைக் குழி எடுத்துப் பாருங்கள். எங்கே மண் ஆழமாக இருக்கிறதோ அங்கே தொட்டி. அதை ஒட்டிக் கழிப்பறைகள். கழிப்பறை எங்கே என்று முடிவானால் பாதி பிளான் முடிவானதுபோல.

மேற்குச் சுவர்

நாம் இருப்பது வடக்கே ஏறத்தாழ 12 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் நடுப்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது; அதிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சியிலிருந்து சற்று வடக்கே விலகி நிற்கிறது. மார்கழியில் தெற்கே நன்றாகச் சாய்கிறது. தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்கு இரண்டடி சன்ஷேட் போட்டால் உச்சிவெயில் பெரும்பாலும் தடுக்கப்பட்டுவிடும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாக, நேராக உள்ளே பாயும். அங்கே சன்ஷேட்டால் பெரிய பயன் இல்லை. தாழ்வாரமோ மரமோ மூங்கில் தட்டியோதான் காப்பாற்றும்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெளிவெப்பத்தை உள்ளே கொண்டுசேர்க்க ஏறத்தாழ ஆறேழு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து வெயில் வாங்கும் மேற்குச் சுவர், நீங்கள் படுக்கப்போகும் நேரத்துக்குச் சரியாக அந்தச் சூட்டை அறைக்குள் விடத் தொடங்கும். வாஸ்துப்படி வீட்டுத் தலைவரின் படுக்கையறை தென்மேற்குக் கன்னி மூலையில்தான் வரும். வாஸ்துவை நம்புகிறவர்களோடு நான் வாதிடுவதில்லை. வீட்டுப் பெரியவர்களோடு வாதிட்டு வென்ற பொறியாளரையும் நான் கண்டதில்லை. அறை கன்னி மூலையிலேயே இருக்கட்டும், மேற்குச் சுவரை மட்டும் வெறுமையாக விடாதீர்கள். அந்தச் சுவர் முழுதும் உள்பக்கம் அலமாரி வையுங்கள். அல்லது வெளியே மாடிப்படியை அந்தப் பக்கம் கொண்டுவாருங்கள். இடமிருந்தால் ஐந்தடித் தாழ்வாரம் இன்னும் நல்லது. மேற்கே ஒரு வேம்போ புங்கமோ வளர இடம் விட்டால் சில ஆண்டுகளில் அதுவே போதும்.

காற்றின் கதை வேறு. சோழமண்டலக் கரையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால் அங்கே வரைந்த பிளான்கள் கிழக்குப் பக்கத்தைத் திறந்து வைக்கும். இங்கே ஆனி, ஆடி மாதங்களில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுகிறது. ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்குக்குத் திரும்பிவிடும். அதாவது வெயில் அடிக்கும் அதே மேற்கிலிருந்துதான் நல்ல காற்றும் வருகிறது. இதற்கு நேர்த்தியான தீர்வு கிடையாது. மேற்கில் பெரிய ஜன்னலுக்குப் பதில் உயரத்தில் சிறிய ஜன்னல்கள், மரக்கதவோடு. வெயில் நேரத்தில் சாத்திவிட்டு இருட்டியதும் திறக்கலாம். கண்ணாடி மட்டும் போட்ட ஜன்னல் மேற்குக்கு ஆகாது.

முற்றம்: எவ்வளவு பெரிது, எதற்கு

வறண்ட வெப்பத்துக்கு அகன்ற முற்றத்தைவிடக் குறுகி ஆழ்ந்த முற்றமே ஏற்றது. சுற்றுச் சுவரின் உயரத்தைவிட முற்றத்தின் அகலம் மிகாமல் இருந்தால், உச்சிவேளை தவிர மற்ற நேரங்களில் ஏதேனும் ஒரு பக்கம் நிழல் நிற்கும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே இறங்கி முற்றத்தில் தேங்கி, சுற்றியுள்ள அறைகளுக்குப் பரவும். இருபதுக்கு இருபது முற்றம் படத்தில் அரண்மனைபோல் இருக்கும். இங்கே சித்திரை மாதத்தில் தரை சுடும்.

மழை நீர்க் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். 600 சதுர அடிக் கூரை முற்றத்துக்குள் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கோடை மழை ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் சுமார் 2,800 லிட்டர் அந்தச் சின்னக் குழிக்குள் விழும். முற்றத்தின் தரை தாழ்வாரத்தைவிட அரையடிக்கு மேல் தாழ்ந்திருக்க வேண்டும். வெளியேற நான்கு அங்குலக் குழாய், அது அடைத்துக்கொண்டால் வழிந்தோட இன்னொன்று. ஒரே ஒரு குழாயை வைத்துவிட்டு, வேப்பிலை அடைத்து நடுஇரவில் கூடத்தில் தண்ணீர் புகுந்த பிறகு முற்றத்தையே கண்ணாடி போட்டு மூடியவர்கள் உண்டு. கண்ணாடி போட்டு மூடிய முற்றம் வெப்பத்தைச் சேர்த்து வைக்கும் பெட்டி. அதற்கு முற்றமே இல்லாமல் இருக்கலாம்.

அந்தத் தண்ணீரை வீணாக்கவும் வேண்டாம். இந்த மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பிள்ளைகளின் பல்லைக் கறையாக்குவதைவிட மழைநீரைக் குடிக்கலாம். 1,000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு விழுவது ஏறத்தாழ 79,000 லிட்டர். முதல் மழையை ஒதுக்கி, சேதாரம் போக 60,000 லிட்டரைச் சேர்க்க முடியும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் என்றால் 10,000 லிட்டர்த் தொட்டி 250 நாள்களுக்கு வரும். பத்தடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழம். முற்றத்துக்கு அடியிலோ தாழ்வாரத்துக்கு அடியிலோ இதைக் கட்டிவிடலாம், ஆனால் பிளானிலேயே வந்துவிட வேண்டும். பிறகு தோண்ட முடியாது. தொட்டிக்கு முன்னால் மணலும் கரியும் போட்ட வடிகட்டி, கொசு புகாத மூடி. பாறை தட்டினால் தொட்டியைத் தரைக்கு மேலே கட்ட வேண்டியிருக்கும், அதற்கும் இடம் ஒதுக்குங்கள்.

முற்றத்தின் மேலே இரும்புக் கம்பி வலை கட்டாயம். திருடனுக்கு மட்டுமல்ல, காட்டை ஒட்டிய ஊர்களில் குரங்குக்கும் சேர்த்து. உப்புக்காற்று இல்லாததால் இங்கே இரும்புக்குச் சாயம் பூசினாலே நீண்ட நாள் உழைக்கும்; கடலோரப் பிளானில் எழுதியிருக்கும் விலை உயர்ந்த துருப்பிடிக்காத எஃகு தேவையில்லை.

கூரை

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். இப்போது பலர் செய்வது, சரிவாகக் கான்கிரீட் போட்டு அதன்மேல் ஓட்டைச் சிமென்ட்டால் ஒட்டுவது. வெப்பம் வெளியேறும் இடுக்கு அடைபட்டுவிட்டது. கான்கிரீட்டின் சூடு அப்படியே இருக்கிறது. பழைய ஓட்டு வீட்டின் பெயரும் புதிய தளத்தின் வெக்கையும் சேர்ந்து கிடைக்கும், செலவு இரண்டுக்கும். கான்கிரீட்தான் வேண்டுமென்றால் தட்டையாகப் போட்டு, மேலே வெயிலையும் மழையையும் தடுக்கும் வெதரிங் கோர்ஸ் அடுக்கை முடித்து, தட்டையான தட்டோடு பதித்து, வெள்ளை அடியுங்கள்.

தட்டையான மொட்டை மாடி இங்கே வாழ்க்கைத் தேவையும்கூட. புளியும் கேழ்வரகும் மிளகாயும் எங்கே காய வைப்பது? கோடையில் குடும்பம் முழுதும் பாய் விரிப்பது எங்கே? சரிவுக்கூரை வீட்டில் இரண்டுக்கும் இடமில்லை. எனவே அறைகளுக்கு மேலே மொட்டை மாடி, முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்துக்கும் முன் திண்ணைக்கும் மட்டும் மங்களூர் ஓடு என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆசைப்பட்ட ஓட்டுச் சரிவும் கண்ணுக்குக் கிடைத்துவிடும். குரங்கு உடைத்தாலும் மாற்றுவது எளிது.

தூண், சுவர், திண்ணை

கேரளத்தில் மரத்தூண் என்றால் அங்கே மரம் கிடைத்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பெயர் பெற்றது. கல்லுக்கு நாம் அலைய வேண்டாம். கரையான் ஏறாத, வெயிலில் வெடிக்காத கல்தூணைப் போடுங்கள். கடைக்காலும், தரைக்கு மேல் எழும் பேஸ்மென்ட்டும் கருங்கல்லில். சுவருக்குச் செங்கல் என்றால், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறை நம் வெயிலுக்கும் நன்றாகப் பொருந்தும். கற்களைக் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டுவதால் சுவருக்குள் காற்று இடைவெளி வரும், செங்கல்லும் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். ஆனால் அதைக் கட்டிப் பழகிய கொத்தனார் வேண்டும். பழகாதவரை வைத்துச் சோதனை செய்ய உங்கள் வீடு ஏற்ற இடமில்லை.

திண்ணை கிழக்கிலோ வடக்கிலோ இருக்கட்டும். மேற்குத் திண்ணையில் மெருகேற்றிய கறுப்புக் கிரானைட் பதித்தால் மாலையில் யாரும் உட்கார முடியாது. மழை பட்டால் வழுக்கவும் செய்யும். பழைய சிவப்புக் காவித் தரை எவ்வளவோ மேல்.

தாளிலும் தரையிலும் பார்த்தல்

பொறியாளர் தரும் தரைப்படத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டாதீர்கள். முற்ற வீட்டுக்கு, வீட்டைச் செங்குத்தாக வெட்டிப் பார்த்ததுபோல் வரையும் வெட்டுத் தோற்றம்தான் முக்கியம். தளத்தின் உயரம், தாழ்வார ஓடு எந்த உயரத்தில் முடிகிறது, முற்றத்தின் தரை எவ்வளவு தாழ்கிறது என்பதெல்லாம் அதில்தான் தெரியும். கேட்டு வாங்குங்கள். கட்டில், பீரோ, கதவு திறக்கும் பக்கம் எல்லாம் அளவோடு வரைந்திருக்கிறதா பாருங்கள். பத்துக்குப் பத்து என்று எழுதியிருப்பது சுவரோடு சேர்த்தா, உள் அளவா என்றும் கேளுங்கள்.

அதற்குப் பிறகு மனையைச் சுத்தம் செய்து, பிளானை முழு அளவில் சுண்ணாம்புக் கோடாகத் தரையில் போடச் சொல்லுங்கள். வீட்டுப் பெண்களை அழைத்து வந்து அடுக்களையிலிருந்து முற்றத்துக்கும் புறக்கடைக்கும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். நாற்காலி போட்டு மாலை நான்கு மணிக்குக் கூடத்தில் உட்காருங்கள். வெயில் முகத்தில் அடித்தால் கோட்டை அழித்து நகர்த்தலாம். அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

அனுமதியும் ஒப்பந்தமும்

2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் இப்போது அடிப்படை. சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து முன்னும் பக்கவாட்டிலும் இடம் விட வேண்டும். தெருவை ஒட்டிய பழைய காலத்துத் திண்ணை புதிய மனைப்பிரிவில் வராது. முன்னே விட்ட இடத்தைத் தாண்டி உள்ளேதான் வரும். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டும் குடியிருப்புக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியில் உடனடியாக அனுமதி பெறலாம். சான்று தருவது நீங்கள். அளவு தவறினால் பொறுப்பும் உங்களுடையது. மனை அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003 முதலே கட்டாயம்.

ஒப்பந்தக்காரரிடம் சதுர அடிக் கணக்கைப் பேசும்போது மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: வானம் பார்த்த முற்றத்துக்கு என்ன கணக்கு, ஓடு போட்ட தாழ்வாரத்துக்கு முழு விலையா பாதி விலையா, திண்ணையும் மழைநீர்த் தொட்டியும் சதுர அடியில் அடக்கமா தனியா. பாரம்பரிய வீடுகளில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். சிலர் முற்றத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை; சிலர் தரை போடுவதற்கும் வடிகாலுக்கும் சேர்த்துப் பாதி போடுவார்கள். எப்படியிருந்தாலும் வானம் தோண்டும் நாளுக்கு முன்பே தாளில் வந்துவிட வேண்டும், இரு பக்கக் கையெழுத்தோடு.